ஆறு வேலைகளுக்கு வெளியே

பஃபலோ ரோட்டில், தேக்கா சந்தையை ஒட்டிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் தனியாக இருக்கிறேன். வயது எழுபத்து நான்கு. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். கணவர் காலமாகிவிட்டார். பொங்கோலில் இருக்கும் மகள் போன் பண்ணும்போதெல்லாம், "அம்மா, எங்ககூட வந்துடுங்களேன்" என்கிறாள். அன்பான மகள், வசதியான வீடு. ஆனாலும் போக மனம் வரவில்லை. இங்கே கீழே இறங்கினால் கீரைக்காரருக்கு என்னைத் தெரியும். கைத்தடி இருந்தால் வீரமாகாளியம்மன் கோயில்வரை நடந்துவிடுவேன். என்னிடம் தமிழ் படித்த பிள்ளைகள், இப்போது தலை நரைத்தவர்கள், சிராங்கூன் ரோட்டில் நின்று "டீச்சர்!" என்று கூப்பிடுவார்கள்.

இப்படித் தன் வீட்டில், தன் விருப்பப்படி வாழ நினைப்பவருக்கு அக்கம்பக்கத்தில் என்ன உதவி கிடைக்கும்? என் வயதுக்காரர்கள் பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

ஒருவருக்கு எவ்வளவு துணை வேண்டும் என்று அளக்க, சிங்கப்பூரில் ஆறு அன்றாட வேலைகளைப் பார்க்கிறார்கள்: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போய்வருவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இவற்றில் மூன்றைப் பிறர் துணையில்லாமல் செய்ய முடியாது என்றால் அது கடும் உடற்குறை. 2020இல் வந்த கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதி மாதாமாதம் பணம் தருவது அந்த நிலையில்தான். இல்லப் பராமரிப்பு மானியத்துக்கும் இந்த ஆறில் மூன்று என்பதே கணக்கு. 2019இல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கிய அது, 2023 மார்ச்சில் 400 வெள்ளி வரை உயர்ந்தது.

இந்த ஆறிலும் நான் தேறிவிடுவேன். ஆனால் ஐந்து கிலோ அரிசியைத் தூக்கிவர முடியாது. முக்காலியில் ஏறி விளக்கு மாற்ற முடியாது. காலை மாத்திரையைச் சாப்பிட்டேனா என்று சில நாள் சந்தேகம் வந்துவிடுகிறது. இவை எதுவும் அந்த ஆறில் இல்லை. முதுமையில் கைவிட்டுப் போவதோ முதலில் இவைதான். சந்தைக்குப் போக முடியாதவர் சமைப்பதைக் குறைப்பார், ரொட்டியும் தேநீருமாக நாளை ஓட்டுவார், உடல் தளரும், ஒருநாள் விழுவார். அதற்குப் பிறகு அந்த ஆறில் மூன்று தாமாகவே போய்விடும். நன்றாக இருப்பதற்கும் முழுதாகப் படுத்துவிடுவதற்கும் நடுவில் நீண்ட காலம் இருக்கிறது. அக்கம்பக்க உதவி உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான்.

முதலில் கழிப்பறை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 2012இல் கொண்டுவந்த ஈஸ் திட்டம், கழிப்பறையில் கைப்பிடிகள் பொருத்தித் தரும். தரை வழுக்காமல் இருக்கப் பூச்சும் போட்டுத் தரும். 2024 ஏப்ரலிலிருந்து மடக்கும் குளியல் இருக்கை போன்றவையும் சேர்ந்துள்ளன. 65 வயதானவர் வீட்டில் இருந்தால் போதும். 60 முதல் 64 வயதுக்குள் இருப்பவருக்கு, அந்த ஆறில் ஒன்றுக்காவது உதவி தேவைப்பட வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குச் செலவில் பெரும்பகுதியை, வீட்டு வகையைப் பொறுத்து 95 விழுக்காடு வரை, அரசாங்கமே ஏற்கிறது. பொருத்த வருபவரிடம் "எங்கேயாவது போடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். உட்கார்ந்து எழுந்து காட்டுங்கள். கை தானாக எந்த இடத்தைத் தேடுகிறதோ அங்கே கம்பி வர வேண்டும். தரமான கம்பியாக இருந்தாலும், ஒரு சாண் தள்ளிப் போட்டால் அவசரத்துக்கு உதவாது.

வெளியே போவதற்கும் உதவி உண்டு. 2009இல் வந்த 'கிரீன் மேன் பிளஸ்' உள்ள சாலைக் கடப்பில், மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு மேலும் சில விநாடிகள், சாலையின் அகலத்தைப் பொறுத்து 13 விநாடி வரை, எரியும். என் முழங்காலுக்கு அந்த விநாடிகள் பெரிய கொடை.

அடுத்தது ஆள் துணை. 60 வயதைக் கடந்த எவரும் துடிப்பாக மூப்படையும் நிலையங்களுக்குப் போகலாம். 2023 நவம்பரில் தொடங்கிய 'ஏஜ் வெல் எஸ்ஜி' திட்டத்தில், 2025க்குள் இவற்றை 220 ஆக்க இலக்கு வைத்தார்கள். உடற்பயிற்சி, கைவேலை எல்லாம் அங்கே இருக்கும். நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. தனியாக இருப்பவரை யாராவது தேடி வருகிறார்கள், போனில் விசாரிக்கிறார்கள். "ஆண்ட்டி, சாப்டாச்சா? மருந்து எடுத்துக்கிட்டீங்களா?" என்று ஒரு பெண் தமிழில் கேட்கும்போது உள்ளதைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் கேட்டால் "ஓகே, ஓகே" என்று முடித்துவிடுகிறேன். வீட்டுக்கு உணவு அனுப்பும் சேவையிலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். சைவமா, ஹலாலா, மிளகாய் ஆகுமா என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிடிக்காத சாப்பாடு மூடியபடியே கிடக்கும்.

உதவி தேவைப்படுவது முதியோருக்கு மட்டும் இல்லை. அறிவுசார் குறைபாடுள்ள நாற்பது வயது மகனை வைத்திருக்கும் தாய்க்கு, தன் காலத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்ற கவலைதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. லெங்கோக் பாருவில் 2015இல் திறந்த 'எனேபலிங் வில்லேஜ்' வளாகத்தை நடத்தும் எஸ்ஜி எனேபல், இத்தகைய குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது. 2008இல் அமைந்த சிறப்புத் தேவையுடையோர் அறக்கட்டளை நிறுவனத்தில் பெற்றோர் பணத்தை ஒப்படைத்துவைத்தால், அவர்களுக்குப் பிறகு அது பிள்ளையின் தேவைக்கேற்பப் பகுதி பகுதியாகப் போய்ச் சேரும்.

புக்கிட் பாத்தோக்கில் 2021இல் விற்பனைக்கு வந்த சமூகப் பராமரிப்பு வீடுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கானவை. 15 முதல் 35 ஆண்டு வரை குத்தகை. இருபத்து நான்கு மணி நேர அவசர உதவி உட்பட பராமரிப்புச் சேவையும் கட்டாயமாகச் சேர்ந்தே வரும். நல்ல ஏற்பாடு. பழகிய இடத்தை விட்டுப் போக முடிந்தவர்கள் தாராளமாகப் போகலாம். எனக்கு அதே துணை தேக்காவிலேயே வேண்டும்.

எதைக் கேட்பது, எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால், ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். விழுந்து, மருத்துவமனைப் படுக்கையில் கிடந்துகொண்டு கூப்பிடாதீர்கள். அரிசிப் பை கனக்கத் தொடங்கும்போதே கூப்பிடுங்கள். தமிழ் பேசும் இளையர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க லிட்டில் இந்தியா வருகிறீர்கள். பக்கத்திலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டு, வரும் நாளில் ஒரு மணி நேரம் எங்களில் ஒருவரைச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். என்ன வாங்குவது என்பதை மட்டும் எங்களிடமே விட்டுவிடுங்கள்.