அன்றன்றைக்கு ஒரு குழி

அறந்தாங்கிப் பக்கத்து வாசகர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து எழுதியிருக்கிறார். அங்கே கோல்ஃப் மைதானமொன்றில் புல் பராமரிக்கும் வேலை. "போன வாரம் ஒருத்தர் ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டார். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். அதில் அப்படி என்ன சார் இருக்கு?" என்று கேட்கிறார். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "அன்னிக்குக் காலையில அந்தக் குழிய வெட்டுனது நான்தான்."

கேள்விக்கு முதலில் பதில். ஒரே அடியில் குழியில் போடும் 'ஹோல் இன் ஒன்' பெரும்பாலும் நூற்றைம்பது கஜம், அதற்கு முன்பின் உள்ள குட்டை ஆட்டத்தடங்களில்தான் நிகழும். குழியின் வாய் 4.25 அங்குலம், சின்னச் செம்பின் வாயளவு. பந்து 1.68 அங்குலம். சாதாரண ஆட்டக்காரருக்கு 12,500 முயற்சிக்கு ஒன்று, தொழில்முறை ஆட்டக்காரருக்கு 2,500-க்கு ஒன்று என்பது அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஜப்பானில் இப்படி அடித்தவர் நண்பர்களுக்கு விருந்து வைத்துப் பரிசும் கொடுக்க வேண்டும். அந்தச் செலவுக்கென்றே அங்கே காப்பீடு விற்கிறார்கள்.

குறி சரியாக இருந்தால் மட்டும் போதாது. சமதரையில் உருண்டுவரும் பந்து நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வேகத்துக்குள் வந்தால்தான் குழிக்குள் இறங்கும். அதைவிட விரைந்து வந்தால், கீழே விழ நேரமில்லாமல் மறுகரையைத் தொட்டுத் தாண்டிவிடும். நட்டிருக்கும் கொடிக்கம்பத்தில் மோதி விழுந்தால் உண்டு. திருமயத்துச் செம்மண் தெருவில் குதிகாலைத் திருகிக் குழி பறித்து கோலி ஆடிய எங்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆத்திரத்தில் சுண்டிய குண்டு எந்தக் குழியிலும் விழுந்ததில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வரிதான். கோல்ஃப் குழி ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. ஆட்கள் மிகுந்த மைதானங்களில் தினமும் இடம் மாறும். ஆடுபவர்கள் அதைச் சுற்றியே நடப்பதால் புல் நசுங்கும், விளிம்பு உதிரும். அதனால் பொழுது விடிந்ததும் ஒருவர் போய்ப் புதுக்குழி வெட்டுகிறார்.

கொடைக்கானலில் 1895-லிருந்தே கோல்ஃப் உண்டு. அங்கே ஒரு பனிக்காலையில் இந்த வேலையை அருகில் நின்று பார்த்தேன். இரண்டு கைப்பிடி வைத்த எஃகுக் குழாயைப் புல்மேல் நட்டு, அழுத்தித் திருகினார் ஒரு பெரியவர். ஒரு சாண் ஆழத்துக்கு மண் அப்படியே உருளையாக வெளியே வந்தது. அதைத் தூக்கிப்போய் நேற்றைய குழிக்குள் தள்ளினார். குழாய்ப் புட்டைக் குச்சியால் தட்டில் தள்ளுவோமே, அதே மாதிரி. பிறகு உள்ளங்கையால் நீவினார், தண்ணீர் தெளித்தார். பழைய குழி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. புதுக்குழிக்குள் கிண்ணத்தை இறக்கினார். அதன் மேல்விளிம்பு தரைக்கு ஓர் அங்குலமாவது கீழே இருக்க வேண்டும் என்பது விதி. குழாய் சற்றே சாய்ந்திருந்தாலும் கொடிக்கம்பமும் சாய்ந்து நிற்கும். "நூல் பிடிக்காமலே நேரா வரணும் தம்பி" என்றார்.

இந்தக் கருவிக்கு வயதும் அதிகம். ஸ்காட்லாந்தின் மஸ்ஸல்பரோவில் இருக்கும் பழைய வெட்டுக்குழாய் 1829-ல் செய்தது. கல்கத்தாவில் கோல்ஃப் கிளப் தொடங்கியதும் அதே ஆண்டு. 4.25 அங்குலம் என்ற அளவை எல்லோருக்கும் பொதுவாக்கியது 1891-ல்தான்.

குழியை எங்கே வைப்பது என்பதில் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. நாலாபுறமும் சரியும் மேட்டில் வைத்தால் பந்து விலகி ஓடும். பள்ளத்தின் அடிவாரத்தில் வைத்தால் சுமாரான அடியும் தானே சரிந்து வந்து சேரும். அந்த இடத்தில் நின்று, சரிவைப் பாதத்தால் உணர்ந்து பார்க்கிறவர் விடியலில் வந்த தொழிலாளி. ஒரே அடியில் போட்டவரின் பெயரைப் பலகையில் பொறிக்கிறார்கள், பொறிக்கட்டும், நல்லதுதான். பக்கத்தில் குழி வெட்டியவர் பெயருக்கும் ஒரு வரி இடம் விட்டால் பலகை ஒன்றும் சிறுத்துவிடாது. கிணறு வெட்டியவர், கண்மாய்க்கரை கட்டியவர் பெயரெல்லாம் நமக்குத் தெரியாமல் போனது போல இதுவும் போக வேண்டுமா?

அறந்தாங்கி நண்பரே, மைதானத்தில் அது எத்தனையாவது குழி, எந்தச் சரிவில் வெட்டினீர்கள், எத்தனை மணிக்கு என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுங்கள். உங்கள் பெயரோடு இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.