மலைக்கு ஒரு காலி பாட்டில்

சித்திரை மாத வெயில். சின்னாளப்பட்டித் தெருக்களில் சாயமேற்றிய சுங்குடிச் சேலைகள் நொடியில் காய்ந்துவிடுகின்றன. "இரண்டு நாள் கொடைக்கானல் போய் வரலாம்" என்று வீட்டில் முடிவு செய்கிறார்கள். உங்களுக்கு ஒரே மகிழ்ச்சி! புறப்படும் முன் பையில் ஒரு பொருளை வைத்துக்கொள்ளுங்கள். காலியான, மெல்லிய எண்ணெய் பாட்டில் ஒன்று, மூடியுடன். எதற்கு என்று பிறகு சொல்கிறோம்.

செம்பட்டி, வத்தலக்குண்டு தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. மாமரமும் புளியமரமும் பின்தங்க, காப்பித் தோட்டங்கள் வருகின்றன. டம் டம் பாறை அருகே நின்றால் எதிரே தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்றும் அதற்குப் பெயர். உயரம் சுமார் 297 மீட்டர். இதற்குள் உங்கள் காது அடைத்திருக்கும். எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறந்துகொள்ளும். வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டது என்று காது சொல்லும் செய்தி இது.

சூரியனுக்கு அருகில் போனால் சுட வேண்டாமா?

நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அப்படியானால் அங்கே ஏன் குளிர்கிறது? சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதில் இரண்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல.

சூரிய ஒளி முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரை காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழுகிறது. மேலே அழுத்தம் குறைவு. எனவே காற்று விரிகிறது. விரிவதற்குத் தன் வெப்ப ஆற்றலையே செலவிடுவதால் குளிர்ந்துவிடுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நேர் எதிரான செயல் இது.

சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. 1,800 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 12 டிகிரி. 

இமயமலையில் உள்ள மசூரியும் ஏறத்தாழ இதே உயரம்தான். ஆனால் அங்கே குளிர்காலத்தில் பனி பொழியும். கொடைக்கானலில் உறைபனி படியுமே தவிர, பனிமழை பெய்வதில்லை. காரணம், மசூரி 30 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. கொடைக்கானல் 10 டிகிரியில், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. ஓர் ஊரின் தட்பவெப்பத்தை உயரம் மட்டுமே தீர்மானிப்பதில்லை.

பார்க்க வேண்டியவை

நட்சத்திர வடிவ ஏரியைப் பார்ப்பீர்கள். அது இயற்கை ஏரி அன்று. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அணை கட்டி உருவாக்கியது. ஏரி நிரம்பி வழியும் நீரே வழியில் நீங்கள் பார்த்த வெள்ளி அருவி.

சூரிய ஆய்வுக்கூடத்தைத் தவறவிடாதீர்கள். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் ஆவல் எழுந்தது. தூசு குறைந்த, தெளிந்த காற்றுக்காக மலையைத் தேடி வந்து, 1899-இல் இதை நிறுவினார்கள். 1909-இல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகம் முழுவதும் அதை 'எவர்ஷெட் விளைவு' என்றே அழைக்கிறார்கள்.

மலைச்சரிவில் குறிஞ்சிச் செடிகள் உண்டு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்த முறை 2030.

நம் தலைக்கு மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி

பள்ளத்தாக்குகளில் அடர்ந்து நிற்பவை சோலைக் காடுகள். சுற்றிலும் புல்வெளி. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுவது இவற்றின் வேலை. புல்வெளிகளில் பெரும்பகுதியை வெளிநாட்டு மரங்களான சீகையும் தைலமரமும் பிடித்துக்கொண்டன. திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்துக்கு இந்தப் பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவுகளிலிருந்தே நீர் வருகிறது. மலை வறண்டால் நம் குடமும் காலிதான்.

கூட்டம் பெருகியதால், 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் அங்கே தடை உண்டு. ஆகவே குடிநீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு செல்லுங்கள்.

இனி சோதனை

கொடைக்கானலில் எண்ணெய் பாட்டிலைத் திறந்து, ஒரு நிமிடம் கழித்து இறுக மூடுங்கள். அங்கே காற்றழுத்தம் சுமார் 600 மில்லிமீட்டர் பாதரச அளவு. சின்னாளப்பட்டியில் சுமார் 730. வீடு வந்ததும் பாட்டிலைப் பாருங்கள். யாரோ கையால் நசுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும்! கீழே உள்ள வெப்பம் உள்காற்றை விரிக்கப் பார்க்கும். இருந்தும் வெளி அழுத்தமே வெல்லும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? பாட்டிலை மலையிலேயே வீசிவிட்டு வந்தால் இந்தச் சோதனை நடக்காது. வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தால்தான் விடை கிடைக்கும்.