திமிரா, தடுமாற்றமா?

பட்டறைச் சத்தம் கேட்டதும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். புதுச்சட்டை முள்ளாய்க் குத்துகிறதென்று கழற்றி எறிகிறான். 'திமிர்' என்கிறார் தந்தை. 'முன்வினை' என்கிறார் பக்கத்து வீட்டார். இரண்டையும் மறுக்கிறோம் நாம்!

கலிபோர்னியாவில் வாழ்ந்த ஜீன் ஏயர்ஸ் அம்மையார் 1972-ல் எழுதிய நூலில் வேறு விடை தந்தார். கண்ணும் காதும் தோலும் மட்டுமா மூளைக்குச் சேதி அனுப்புகின்றன? சமநிலை காக்கும் உட்காதும், தசையும், மூட்டும் அனுப்புகின்றன. அச்சேதிகளைக் கோத்தெடுக்க மூளை தடுமாறினால், பிள்ளையும் தடுமாறும் என்றார். ஆகவே ஊஞ்சலும் பந்தும் சறுக்குப் பலகையும் கொண்டு, விளையாட்டையே பயிற்சியாக்கினார்.

மந்திரமா இது? அல்ல! சான்று போதுமான அளவு இல்லை, பலன் கிட்டுகிறதா என அளந்து பார்க்கப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுங்கள் என்று 2012-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

எனவே தோழர்களே, எந்தக் குறை, எத்தனை வாரத்தில் மாறும் என்று கேட்டபிறகே உழைத்த காசை எடுத்து வையுங்கள். மாறவில்லையா, நிறுத்துங்கள்.

ஆனால், காதைப் பொத்திய பிஞ்சுக் கைமீது விழும் பிரம்பை இன்றே நிறுத்துங்கள். அதற்குச் சான்றும் வேண்டாம், சல்லிக்காசும் வேண்டாம்!