மூலைக்கு மூலை

கிரையப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் சொத்து விவரம் வரும். ‘கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி, ஆக விஸ்தீரணம் 2400 சதுர அடி’ என்ற வாசகம் பலருக்கு மனப்பாடம். சென்னைப் பக்கத்தில் இதுதான் ஒரு கிரவுண்டு. மனை பார்க்கப் போகிறவர் மைத்துனரை ஒரு முனையில் நிறுத்தி டேப் பிடிப்பார். 40, 60, 40, 60. இம்மி பிசகவில்லை. அட்வான்ஸ் கைமாறிவிடும்.

அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும் அன்று கொத்தனார் மூலைமட்டம் பார்த்துவிட்டு, “சார், மனை கோணலா இருக்கே” என்பார். கணக்குப் போட்டால் 2318 சதுர அடிதான் தேறும். நாலு பக்கமும் சரியாக இருக்க, 82 சதுர அடி எங்கே போயிற்று? ஒரு சின்ன சமையலறைக்கான இடம் அது.

பொருத்து தளர்ந்த கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளினால் சட்டம் கோணிக்கொள்ளும். சட்டங்களின் நீளம் ஒரு விரற்கடைகூடக் குறையாது, படுக்கிற இடம் மட்டும் குறுகிப்போகும். மனையின் மூலை 90 பாகையிலிருந்து 75 பாகைக்குச் சாய்ந்தால் அந்த 82 சதுர அடி கரைந்துவிடும். கண்ணால் பார்த்து இதைச் சொல்வது கஷ்டம், அதுவும் முள்ளும் புதருமாகக் கிடக்கிற மனையில். டேப்பை மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்தால் அந்த நிமிடமே குட்டு வெளிப்படும். நேரான மனையில் இரண்டு குறுக்களவும் 72 அடி ஓரங்குலத்துக்குச் சற்று மேல் என ஒன்றுபோல் வரும். கோணல் மனையிலோ ஒன்று 63 அடி, மற்றது 80 அடி. பத்திரம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதினால் எத்தனையோ வழக்குகள் பிறக்கவே செய்யாது என்பது என் எண்ணம்.

குறுக்களவு மனையை இரண்டு முக்கோணங்களாக வெட்டுகிறது. நாற்கரம் சாயும், முக்கோணம் சாயாது. மூன்று பக்கமும் தெரிந்தால் அதன் வடிவம் ஒன்றே ஒன்றுதான். நம் ஊர் நில அளவையே இந்தப் பிடிவாதத்தின் மேல்தான் நிற்கிறது.

சர்வேயர்கள் ஒரு காலத்தில் இழுத்துக்கொண்டு நடந்த சங்கிலிக்கு கன்டர் சங்கிலி என்று பெயர். 1620-ல் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் வகுத்த அளவு. நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். கண்ணியை லிங்க் என்பார்கள், ஒன்று சுமார் 20 சென்டிமீட்டர். 66 என்ன கணக்கு என்று தோன்றும். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கான சென்ட் சரியாக ஆயிரம் சதுர லிங்க். வயல்வெளியில் நின்று புள்ளி நகர்த்தியே பரப்பைச் சொல்லிவிடலாம். சென்ட்டைச் சதுர அடியில் சொன்னால் 435.6 என்று கோணல்மாணலாக வருவதற்கும் காரணம் இந்தச் சங்கிலிதான்.

சங்கிலியில் பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். பத்தாவதில் ஒரு பல், இருபதாவதில் இரண்டு, நாற்பதாவதில் நான்கு, நடுவில் ஐம்பதில் வட்ட வில்லை. எந்த முனையிலிருந்தும் எண்ணலாம் என்பதால் மறுபாதியும் அதே வரிசைதான். வெயிலில் களைத்தவர் நாலு பல்லைப் பார்த்து 60-ஐ 40 என்று வாசித்துவிட வாய்ப்பு உண்டு. இருபது லிங்க் பிழை என்றால் பதின்மூன்று அடிக்கு மேல்!

சங்கிலிக்குக் கோணம் அளக்கத் தெரியாது. அதனால் நிலத்தின் குறுக்கே கோடுகள் ஓட்டி முக்கோணங்களாகப் பிரித்தார்கள். வரப்பு வளைகிற இடங்களுக்கு அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக ஒரு அளவு. செங்குத்துப் பார்க்க, கம்பின் தலையில் குறுக்கும் நெடுக்குமாகப் பிளவு கீறிய மரக்கட்டை. கிராஸ் ஸ்டாஃப் என்பார்கள். இதே முக்கோணத்தைத்தான் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியா முழுக்க விரிக்கத் தொடங்கினார். உயரம் தேடித் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் கோணம் அளக்கும் தன் தியோடலைட்டை ஏற்றப் போய், 1808-ல் கயிறு அறுந்து கருவி நசுங்கியதும் அந்தக் கதையில் வரும்.

உங்கள் சர்வே எண்ணுக்கான புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை, வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். அதில் முழுக்கோடு எல்லை. உள்ளே குறுக்கே ஓடும் விட்டுவிட்டு வரைந்த கோடுகளைச் சிலர் நடைபாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவைதான் அந்த முக்கோணக் கோடுகள், படத்தின் உயிரே அவைதான். பக்கத்தில் இருக்கும் எண்களைப் படியுங்கள், ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள். 1:2000 அளவுப் படத்தில் அரை மில்லிமீட்டர் பேனாக்கோட்டின் தடிமனே தரையில் ஒரு மீட்டர். கைபேசி ஜிபிஎஸ்ஸும் சில மீட்டர் தள்ளிக் காட்டும். சண்டையோ பெரும்பாலும் ஓர் அடிக்கு. மனை உட்பிரிவு ஆகியிருக்கிறதா, பட்டாவில் உள்ள பரப்பும் பத்திரப் பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் தாலுகா அலுவலகத்தில் கட்டணம் கட்டி அளக்கச் சொல்லுங்கள். காம்பவுண்டு எழுப்பிய பிறகு அளப்பதில் பிரயோஜனம் குறைவு.

எல்லைக் கல்லையே பிடுங்கிவிட்டால்? எங்கள் ஊரில் ஒரு வயலில் அப்படித்தான் ஆயிற்று. மூலையில் கல் இல்லை. சர்வேயர் புலப்படத்தை விரித்து, இருக்கிற இரண்டு கற்களிலிருந்து குறித்த நீளத்துக்கு இரண்டு டேப்புகளை இழுக்கச் சொன்னார். இரண்டும் சந்தித்த இடத்தில் கடப்பாரையால் குத்தினார். அரையடி ஆழத்தில் பழைய குழியின் மண் மட்டும் வேறு நிறத்தில், பொலபொலவென்று இருந்தது. கல் பம்புசெட்டுத் தொட்டியருகே துவைகல்லாகக் கிடந்தது. எல்லைக் கல்லைப் பராமரிப்பது நிலத்துக்காரர் பொறுப்பு என்று 1923-ம் ஆண்டு சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் சொல்கிறது. நிலத்துக்காரர் பேசாமல் புதுக் கல்லுக்குப் பணம் கொடுத்தார். பழையதை யாரும் கேட்கவில்லை. இப்போதும் அதில்தான் துவைக்கிறார்கள்.