எந்த எஸ்டேட்?

சிம்பாங் ரெங்கத்தில் ‘எஸ்டேட்’ என்றால் யாரும் அகராதியைத் தேடமாட்டோம். ரப்பர், செம்பனைத் தோட்டம். தாத்தா பால்மரம் வெட்டிய இடம்.

ஆங்கில அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்குப் பல பொருள். பெரிய நிலபுலம் ஒன்று. பிரிட்டனில் குடியிருப்புப் பகுதியும் எஸ்டேட். பின்பக்கம் நீண்ட காரும் எஸ்டேட். சட்டத்திலோ, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து, மலாயில் ‘புசாகா’.

இந்தக் கடைசிப் பொருளில்தான் மனம் நின்றது. எஸ்டேட்டிலேயே பிறந்து உழைத்த தாத்தாவுக்குச் சட்டம் சொல்லும் ‘எஸ்டேட்’ இல்லை. லயத்து வீடுகூட நிர்வாகத்துடையது.

இன்று நம் பிள்ளைகள் சொந்த வீடு வாங்குகிறார்கள். 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகள் முன் உயில் எழுதலாம். தாத்தாவுக்கு வாய்க்காத அந்தப் பொருளைப் பேரப்பிள்ளைகளுக்குப் பத்திரப்படுத்துவோம்.