சொல்லும் சூழலும்: திருமுக்கூடல் கல்வெட்டை முன்வைத்துச் சில சிந்தனைகள்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் வழியில், பழைய சீவரத்திற்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல் என்னும் சிற்றூர் இருக்கின்றது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடம் ஆதலால் இப்பெயர் பெற்றது. அங்குள்ள பெருமாள் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து (1063–1070) நீண்ட கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளது. கோயிலைச் சார்ந்து நடைபெற்ற கல்விச்சாலையையும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலையையும் பற்றி அது கூறுகின்றது. ஆதுலசாலை என்பது அக்கால மருத்துவமனை.

வரலாற்றாசிரியர்கள் இக்கல்வெட்டை மருத்துவ வரலாற்றுக்காகப் போற்றுகின்றனர். இங்கு நாம் அதை வேறொரு நோக்கத்தோடு அணுகுவோம். பலர் சேர்ந்து பணியாற்றும் ஓரிடத்தில் ஒருவர் சொன்ன சொல் மற்றொருவருக்கு எவ்வாறு சென்று சேருகிறது, எவ்விடத்தில் தவறிப் போகிறது என்பதே நம் பொருள்.

இதை எண்ணத் தூண்டியது ஓர் அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியத்தில் இருந்தேன். ஒரு முதியவரின் கட்டிலில், “வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது” என்று எழுதிய அட்டை தொங்கியது. காலை எட்டு மணிக்கு அவருக்கு அறுவைச் சிகிச்சை நடப்பதாயிருந்தது. அவசர நோயாளி ஒருவர் வந்தமையால் மருத்துவர் அதை ஒத்திவைத்து, இரவுப் பணியிலிருந்த செவிலியரிடம் தெரிவித்தார். அவரும் பணி முடிந்து வீடு சென்றார். அட்டை மட்டும் அங்கேயே இருந்தது. மாலை நான்கு மணிக்கு அம்முதியவர் கட்டிலைவிட்டு எழ முயன்று, மயங்கி விழுந்தார். முந்தின இரவிலிருந்து அவர் ஒரு மிடறு தண்ணீரும் பருகவில்லை. தெளிந்தபின், ஏன் ஒருவரையும் கேட்கவில்லை என்று வினவினேன். “பெரியவங்க எழுதி வச்சிருக்காங்க, ஐயரே. காரணம் இல்லாமலா இருக்கும்?” என்றார்.

விசாரணையில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. மருத்துவர் தெரிவித்தது உண்மை. செவிலியர் கேட்டதும் உண்மை. அட்டையில் இருந்த வாசகமும் எழுதப்பட்ட வேளையில் சரியானதே. அன்று காலை அதை இருமுறை வாசித்துவிட்டுக் கடந்து சென்றவர்களுள் நானும் ஒருவன். கட்டளை அட்டையில் இருந்தது. அதற்குக் காரணமான சூழலோ எழுதியவரின் மனத்திலேயே தங்கிவிட்டது. “காலை எட்டு மணி அறுவைச் சிகிச்சைக்காக” என்னும் சொற்கள் உடன் இருந்திருப்பின், பத்து மணிக்கு அவ்வழியே சென்ற துப்புரவுப் பணியாளருங்கூட ஐயுற்றிருப்பார். காரணம் கூறப்படாத கட்டளை எப்பொழுது காலாவதியாகிறது என்பதைக் கீழ்ப்படிகிறவர் அறிய வழியில்லை. கவனக்குறைவு என்று பெயரிட்டு இதை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். இது கவனத்தின் குறை என்பதைவிடச் சிந்தனையின் குறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனித் திருமுக்கூடலுக்குத் திரும்புவோம். ஆதுலசாலையில் படுக்கைகள் 15 என்று கல்வெட்டு வரையறுக்கிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு நெல் 90 கலமும் காசு 8-உம். சல்லியக்கிரியை, அதாவது அறுவை மருத்துவம், செய்பவருக்கு நெல் 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவருவோர், நோயாளரைப் பேணும் பெண்கள், நாவிதர் என ஒவ்வொருவரும் தத்தம் வேலையோடும் ஊதியத்தோடும் குறிக்கப்படுகின்றனர். இரவில் எரியும் விளக்கிற்கான எண்ணெயும் விடுபடவில்லை. இத்தனையும் ஒருசேர வைக்கப்பட்டிருப்பதால், அந்நிலையத்தைக் கண்ணால் கண்டிராத நாமும் யார், யாருக்காக, எதைச் செய்தார் என்று உணரமுடிகிறது.

ஆயினும் அக்கல்வெட்டு எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. வாசாஹரீதகீ, தசமூலஹரீதகீ என ஏறத்தாழ இருபது மருந்துகளைப் பெயரிட்டு, இருப்பில் இருக்கவேண்டிய அளவையும் கூறுகிறது, செய்முறையைக் கூறவில்லை. அங்கிருந்த மருத்துவர் அதை அறிவார். ஆயுர்வேத நூல்களைத் துணைக்கொள்ளாவிடில் நமக்கு அவை வெறும் பெயர்களே. அளவுகளும் இத்தன்மையனவே. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டமையால், தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் நெல்லின் அளவைச் சொல்லுமிடத்து, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்றும் சேர்த்தே கூறுகின்றன. எந்த மரக்கால் என்று கூறாதபோது எண் பிழையற்றதாயினும் பொருள் நிச்சயமற்றதாகிவிடுகிறது.

அருகிலுள்ள உத்திரமேரூரில் வேறொரு பாடம் கிடைக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில் ஊர்ச்சபையார் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்துகொள்ளும் முறையை 919-இல் வகுத்தனர். இரண்டே ஆண்டுகளில், 921-இல், அதைத் திருத்தி மிக விரிவாக எழுதினர். வயது வரம்பு 30 முதல் 60 என்றிருந்தது, 35 முதல் 70 என்று மாறிற்று. கணக்குக் காட்டாதவரின் உறவினரும் தகுதியற்றவர் என்னுமிடத்தில் இரண்டாம் கல்வெட்டு “உறவினர்” என்று சொல்லி நிறுத்தவில்லை. சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மைத்துனன், மருமகன் என்று வரிசையாகச் சொல்லுகிறது. ஓலையைப் பெறுகிற மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். அவன் வாசித்ததை அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசிக்கவேண்டும். ஆனால் குடத்திலிருந்து ஓலையை எடுக்கும் சிறுவனோ உள்ளே இருப்பது இன்னதென்று அறியாதவனாய் இருக்கவேண்டும்! யாருக்கு எவ்வளவு தெரியவேண்டும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தனர். எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதே தெளிவு என்று கருதி நீண்ட சுற்றறிக்கைகளை அனுப்பும் நம் அலுவலகங்கள் இதைக் கவனிக்கலாம்.

எழுதியதைத் திருத்தி மீண்டும் எழுதும் நிலை திருத்தூதர் பவுலுக்கும் நேர்ந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் 5:9-11 அதைக் காட்டுகிறது. ஒழுக்கக்கேடரோடு கலந்திருக்கலாகாது என்று அவர் முன்னரே ஒரு நிருபம் எழுதியிருந்தார். அது நமக்குக் கிடைக்கவில்லை. சபைக்குள் சகோதரர் எனப்படுவோரை மனத்திற்கொண்டே அவர் எழுதினார். அது உலகத்தார் அனைவரையும் குறிப்பதாகக் கொள்ளப்படவும் இடமிருந்தது. எனவே யாரைக் குறித்தது, யாரைக் குறிக்கவில்லை என்று பிரித்துக் காட்டுகிறார். மற்றப் பொருளைக் கொண்டால் உலகத்தைவிட்டே வெளியேற நேருமே என்று காரணமும் கூறுகிறார். ஏழாம் அதிகாரத்திலோ அவர்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு விடையளிக்கிறார். அக்கேள்விக் கடிதமும் நம்மிடம் இல்லை. கேள்வியைப் பாராமல் விடையை மாத்திரம் எடுத்துப் பிரசங்கிக்கிறவர், ஒத்திவைக்கப்பட்ட சிகிச்சையின் அட்டைக்குக் கீழ்ப்படிகிறவரைப் போன்றவரே. வேதாகம வகுப்பில் முன்பின் வசனங்களை வாசிக்கவேண்டுமென்று மாணவரை வற்புறுத்தும் நாம், சபை அலுவலகத்திலிருந்து உபதேசியாருக்கு ஒருவரிக் குறிப்பு அனுப்பும்போது அதே ஒழுங்கை மறந்துவிடுகிறோம்.

அம்மருத்துவமனையில் அதன்பின் அட்டையில் காரணமும் நேரமும் எழுதப்படலாயின. இரண்டு நாட்கள் கழித்து அம்முதியவருக்குச் சிகிச்சை குறிக்கப்பட்டது. எழுத்தறியாத அவர், அட்டையில் உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டார், வாசித்தேன். மறுநாள் காலை எட்டே காலுக்கு அவர் செவிலியரை அழைத்து, மணி எட்டு கடந்துவிட்டதே, தாம் என்ன செய்யவேண்டும் என்று கேட்டாராம்.