தண்டில் தண்ணீர் சேர்க்கும் செடி

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டு வாசல்களில் சிவப்புக் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்குமே, அதுதான் ஜெரேனியம். எல்லோரும் பூவைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் இலையைப் பாருங்கள். நடுவே குதிரை லாடம்போல ஒரு கருஞ்சிவப்புப் பட்டை தெரியும். ஆந்தோசயனின் என்ற நிறமி அந்த இடத்தில் கூடுதலாகச் சேர்வதால் வரும் நிறம் அது. இலையை விரலால் லேசாகத் தேயுங்கள். மெத்தென்று இருக்கும், வாசனையும் கையில் ஒட்டிக்கொள்ளும். இலையெங்கும் நுண்ணிய முடிகள். அவற்றில் சிலவற்றின் நுனியில் எண்ணெய்ச் சுரப்பி!

இதன் முன்னோர்கள் தென்னாப்பிரிக்கக் காட்டுச் செடிகள். மழை இல்லாத நாட்களைச் சமாளிக்க, தடித்த தண்டில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும். இதை மறந்து, பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினால் செடிக்குத்தான் ஆபத்து. மண்ணின் இடைவெளிகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. அழுகல் நோய் புகுந்து, தண்டு அடியிலிருந்து கறுத்துவிடும். மேல் மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும், நல்ல வெயிலும் வேண்டும். வாடிய பூக்கொத்தைக் காம்போடு கிள்ளிவிட்டால், விதைக்குப் போகும் சத்து புது மொட்டுக்குப் போகும்.

புதுச் செடி வேண்டுமா? விரல் நீளத்துக்கு ஒரு கிளையைக் கணுவுக்குக் கீழே வெட்டி, உடனே நடாமல் ஒரு நாள் நிழலில் வையுங்கள். வெட்டுக்காயம் காய்ந்தபின் நட்டால் அழுகும் பயம் குறைவு.

தண்ணீர் நிறைந்த உடம்புக்கு உறைபனி பெரிய எதிரி. உள்ளிருக்கும் நீர் உறையும்போது செல்களின் சவ்வு கிழிந்துவிடும். அதனால்தான் குளிர்நாடுகளில், பல ஆண்டுகள் வாழக்கூடிய இந்தச் செடியை ஓராண்டுச் செடியாக வளர்க்கிறார்கள். ஜெர்மனியில் மே மாத நடுவில், பனி பயம் தீர்ந்த பிறகே பால்கனியில் வைப்பார்கள்.

சிலர் அதைச் சாகவிட மனமில்லாமல், குளிர்காலம் வருமுன் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, குளிர்ச்சியான நிலவறையில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை வேரைச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைப்பார்கள். வசந்தத்தில் மறுபடி நட்டால் துளிர்க்கும். ஒல்லியான செடிகள் பெரும்பாலும் காய்ந்துபோகும் என்பதால், தண்டு தடித்தவையாகப் பார்த்துத்தான் தொங்கவிடுவார்கள்.